பிரதி: மாகாண ஆளுநர்

லண்டனில் மிச்சம் என்கிற புறநகரில் நவரத்தினத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய கடிதத்தைத் தெரியாத அலுவலகம் இல்லை. கவுன்சிலின் குப்பைப் பிரிவு, பஸ் கம்பனி, கோயில் நிர்வாகசபை, தமிழ் வானொலி என்று முப்பத்துநாலு வருஷமாக லண்டனில் அவர் எழுதாத இடம் கிடையாது. எல்லாக் கடிதத்துக்கும் ஒரே முகம்தான். இடதுபக்க மூலையில் 'எனது இல.' அதற்குக் கீழே 'உமது இல.' முதலாவதில் எப்போதும் ஒரு இலக்கம் இருக்கும். இரண்டாவது எப்போதும் வெறுமையாகக் கிடக்கும். பதில் வந்தால்தானே அவர்களுடைய இலக்கத்தை எடுத்துப் போட!

யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் படித்து, அங்கேயே உதவி அரசாங்க அதிபர் பணிமனையில் எட்டு வருஷம் எழுதுவினைஞராக இருந்த கை அது. அந்தப் பணிமனை அவருக்குக் கொடுத்த பெரிய வித்தை 'பிரதி'. கடிதம் ஒருவருக்குப் போகும். அடியில் 'பிரதி' என்று போட்டு, அவருக்கு மேலே இருக்கிறவருக்கும் ஒன்று போகும். மேலே இருக்கிறவர் வாசிக்கமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வாசித்தாலும் வாசித்துவிடுவார் என்று கீழே இருக்கிறவருக்கு ஒரு பயம் இருக்கவேண்டும், அவ்வளவுதான். லொறியின் முன்கண்ணாடியில் சாமிப்படம் ஒட்டுகிற மாதிரி. படம் வண்டி ஓட்டாது; ஆனாலும் ஒட்டாமல் விடுவதில்லை.

முப்பத்துநாலு வருஷத்தில் இவ்வளவு கடிதத்துக்கும் கிடைத்த பலன் மூன்று 'பெற்றுக்கொண்டோம்' அட்டைகளும், பஸ் கம்பனி அனுப்பிய ஒரு பேனையும். பேனை எழுதவில்லை. அதைப் பற்றியும் எழுதினார்.

"உங்கடை கடிதத்தாலை இந்த உலகத்திலை ஒரு ஆணி கூட அசையேல்லை" என்று அவருடைய மனைவி பாலாம்பிகை சொல்லுவாள். போன வசந்தம் வரைக்கும் அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

அசைந்த ஆணி தாய்லாந்தில் இருந்தது. நக்கோன் வாரி யுனைட்டெட் என்று ஒரு மாகாணத்து உதைபந்தாட்டக் கழகம். அந்த நாட்டின் இரண்டாம் பிரிவில், எந்த வருஷமும் மேலே போகாமல், கீழேயும் விழாமல், படிக்கட்டில் குந்தியிருக்கிற ஆளைப்போல நடுவில் இருக்கும். சட்டையில் நீர்க்காகம் ஒன்று சிறகு விரித்தபடி நிற்கும். இதைப் போய் மிச்சத்தில் இருக்கிற ஒரு பென்ஷன்காரர் ஏன் பிடித்துக்கொண்டார் என்று கேட்டால், அதற்கும் நவரத்தினம் பந்தி இலக்கம் போட்டுப் பதில் வைத்திருந்தார்.

எண்பத்தொன்பதில் லண்டன் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரன், அவரையும் சேர்த்துப் பதினொரு பேரை நக்கோன் வாரியில் ஒரு மோட்டார்சைக்கிள் திருத்தும் கடையின் மேல்மாடியில் இறக்கிவிட்டு, "ரெண்டு நாளிலை வாறன்" என்று போனான். ஐந்து மாதம் வரவில்லை. விசா முடிந்துவிட்டதால் வெளியே தலைகாட்ட முடியாது. பொழுதுபோக்குக்கு ஒரு சன்னல். சன்னலுக்கு எதிரே நகரசபை மைதானம். பின்னேரங்களில் அந்த ஊர்க்காரர் பந்தடிப்பார்கள்; பதினொரு பேரும் சன்னலில் தலைகளை அடுக்கிக்கொண்டு பார்ப்பார்கள். ஒருநாள் கீழே பந்து பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் மேலே பார்த்துக் கையசைத்தார். மறுநாள் ஒரு பை நிறைய ஒட்டுச்சோறு கொண்டுவந்து படிக்கட்டில் வைத்தார். யார், என்ன என்று கேட்கவில்லை. ஐந்து மாதமும் கிழமைக்கு ஒருதரம் அந்தப் பை வந்தது.

கொரோனாக் காலத்தில் மகள் வாங்கித் தந்த டப்லெட்டில் எதையோ தேடப்போய், நவரத்தினம் அந்த மைதானத்தைக் கண்டார். இப்போது சுற்றிவரக் கதிரை, நாலு மூலையிலும் விளக்குக் கம்பம், சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரர். மோட்டார்சைக்கிள் கடை இருந்த முனையில் அந்த மேல்மாடி இன்னும் இருந்தது. அன்றையிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் என்றால் அவருக்கு நேரடி ஒளிபரப்பு. அங்கே மாலை ஆறுமணி. இங்கே பாலாம்பிகை சோறு போடுகிற நேரம்.

"இஞ்சாருங்கோ, சோறு ஆறுது. அவங்கள் அங்கை ஓடினா நீங்கள் இஞ்சை பட்டினி கிடக்கவேணுமோ?"

"பொறு பாலா, கோணர் கிக் ஒண்டு."

அன்பு பிறந்தால் மற்றவர்கள் பூ வாங்குவார்கள். நவரத்தினம் கோப்புத் திறந்தார். கழகத்துக்கு மாதம் ஒரு ஆலோசனைக் கடிதம் போனது, ஆங்கிலத்தில், தபாலில். மின்னஞ்சலை அவர் கடிதமாகவே கணக்கெடுப்பதில்லை. ஐந்தாவது கடிதத்துக்கு அங்கிருந்து பதில் வந்தது. கழகத்தின் செயலாளர் நிச்சா என்ற பெண், நீர்க்காகம் பொறித்த தாளில், "தங்கள் கடிதம் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது" என்று எழுதியிருந்தாள். மேலே ஒரு இலக்கமும் இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக 'உமது இல.' என்ற இடத்தை நிரப்புகிற பாக்கியம் கிடைத்த மனுஷன், அந்தச் சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல், ட்ராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பூட்டுகளுக்குத் திறப்பு வெட்டுகிற கடைக்குப் போய் ஒரு சீல் செய்வித்துக்கொண்டு வந்தார். வட்டமான சீல். நடுவில் நீர்க்காகம். சுற்றிவர ஆங்கிலத்தில்: 'நக்கோன் வாரி யுனைட்டெட், இணைப்புப் பணிமனை, லண்டன்.'

பணிமனை என்பது குசினி மேசை. பணியாளர் ஒருவர், அவரும் சாப்பாட்டு நேரத்தில் மேசையைக் காலிபண்ண வேண்டும்.

இரண்டு வீடு தள்ளியிருக்கும் கிருஷ்ணமூர்த்தி அந்தச் சீலைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் திருச்சிக்காரர், ரயில்வேயில் மின்சாரப் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். சனிக்கிழமைகளில் ஆட்டம் பார்க்க என்று சொல்லிக்கொண்டு பாலாம்பிகையின் மீன்குழம்புக்கு வருகிறவர்.

"சார், தாய்லாந்து எம்பஸிக்குக் கூட இவ்ளோ பெரிய சீல் இருக்காது. அடுத்து என்ன, வாசல்ல கொடி ஏத்துவீங்களா?"

"பகிடி விடாதேங்கோ. சீல் இல்லாத கடிதம் உடுப்பில்லாத ஆள் மாதிரி."

அப்படி உடுத்து, பவுடர் பூசிப் போனதுதான் மார்ச் மாதத்து இருபத்துமூன்றாவது கடிதம்.

அந்தப் பருவத்தில் நீர்க்காகங்கள் வழமைக்கு மாறாகக் கீழே சரிந்துகொண்டிருந்தன. தைமாதத்துக்குப் பிறகு பந்து வலைக்குள் போவதும் கோல்காப்பாளர் தனவத் குனிந்து எடுப்பதுமாகவே இருந்தது. நவரத்தினத்தால் பொறுக்க முடியவில்லை. தன் கொப்பியை எடுத்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நிமிஷம், அடித்தவர், விழுந்த முனை, காரணம் என்று நிரல் போட்டு எழுதி வைத்திருந்தார். காரணம் என்ற நிரலில் பத்தொன்பது தடவை 'காப்பாளர் பிழை' என்று இருந்தது. அதை அப்படியே அட்டவணையாக்கி, ஏழு பந்தியில், 'மேற்படி காப்பாளரின் கவனயீனத்தைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்' என்று முடித்து, கை பழகின பழக்கத்தில் அடியில் இப்படிப் போட்டார்: பிரதி: மாகாண ஆளுநர், நக்கோன் வாரி.

வெறுமனே எழுதியதோடு விடவில்லை. சாவகச்சேரிப் பணிமனையின் நேர்மை அது; பிரதி என்று எழுதினால் பிரதி போகவேண்டும். முகவரி தேடி, தனி உறையில் வைத்து, சீலும் குத்தி அனுப்பினார்.

ஏப்ரல் எட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை, நிச்சாவின் பதில் வந்தது. குசினியில் நின்றபடியே உறையைக் கிழித்து முதல் பந்தியை வாசித்தார். வாசித்தவர் கத்தினார்.

"பாலா, இஞ்சை ஓடி வா! நடவடிக்கை எடுத்திட்டாங்கள்!"

"ஆர், கவுன்சிலோ? குப்பைவாளி வந்திட்டுதோ?"

"குப்பைவாளியாம்! ஆளுநரப்பா, ஆளுநர்! என்ரை கடிதத்தைக் கையிலை வைச்சுக்கொண்டு கழகத்திட்டை விளக்கம் கேட்டிருக்கிறார்!"

அடுத்த அரைமணி நேரம் நவரத்தினத்தின் வாழ்க்கையில் ஒரு பொற்காலம். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்தார். ஒன்றைக் கோப்பில் கோத்தார். மற்றதை எடுத்துக்கொண்டு செருப்போடு கிருஷ்ணமூர்த்தி வீட்டுக்கு ஓடி, அவரையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார்.

"கவர்னரா? நிஜமாவா?" என்றார் கிருஷ்ணமூர்த்தி. "சார், நானும்தான் எழுபது வருஷமா இருக்கேன். ஒரு வார்டு கவுன்சிலர் கூட என்னை ஏன்னு கேட்டதில்ல. நீங்க பெரிய ஆளுதான்."

"நான் என்ன செய்தனான்? முறையா எழுதினனான், அவ்வளவுதான்" என்று நவரத்தினம் பணிவோடு சொன்னார். பணிவு அவருக்கு அன்றைக்கு நன்றாகப் பொருந்தியது. எதிரே அலுமாரிக் கண்ணாடியில் ஒருதரம் பார்த்தும் கொண்டார்.

பாலாம்பிகை இதற்கிடையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தின் இரண்டாம் பந்திக்குப் போயிருந்தாள். ஒருகாலத்தில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவள். ஒவ்வாமைப் பட்டியலை வாசிக்கிற மாதிரி எதையும் கடைசி எழுத்து வரைக்கும் வாசிப்பாள்.

"இஞ்சை என்னவோ எழுதியிருக்கு" என்றாள். "ஏப்ரல் பதினோராம் திகதிக்கு முதல் என்ன நடவடிக்கை எடுத்தனீங்கள் எண்டு ஆளுநருக்கு அறிவிக்கவேணுமாம். அதாலை தனவத்தின்ரை ஒப்பந்தத்தை இந்தப் பருவத்தோடை முடிக்கப் போகினமாம். ஒன்பது வருஷமா அங்கை விளையாடினவராம்." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னவராம்."

"ஆர்?"

"அந்தப் பெடியன்தான். தன்ரை பிழையை இவ்வளவு கவனமா ஒருத்தரும் எழுதினதில்லையாம். உங்கடை அட்டவணையை வீட்டிலை அலுமாரிக் கதவிலை ஒட்டி வைச்சிருக்கிறாராம்."

கிருஷ்ணமூர்த்தி மெல்லத் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"அப்ப நீங்கள் அவனை வேலையாலை நிப்பாட்டிப் போட்டியள்" என்றாள் பாலாம்பிகை.

"நான் எங்கை நிப்பாட்டினனான்? கவனத்துக்குத்தானே கொண்டுவந்தனான்."

"பெற்றோல் ஸ்ரேசனிலை உங்களை நிப்பாட்டேக்கையும் அந்தக் கிழவன் கவனத்துக்குத்தான் கொண்டுவந்தவன்."

அது தொண்ணூற்றுமூன்றில் நடந்தது. மிச்சத்துக்குப் பக்கத்திலுள்ள ரூட்டிங்கில் ஒரு பெற்றோல் நிலையத்தில் நவரத்தினம் வேலைசெய்த காலம். மிச்சச் சில்லறை கொடுக்கும்போது இந்த ஆள் முகத்தைப் பார்ப்பதில்லை என்று ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எழுதிவிட்டார். அடுத்த கிழமை ஷிப்ட் இல்லை. அந்தக் கடிதத்தை முகாமையாளர் காட்டியபோது நவரத்தினம் கவனித்த விஷயம், அதன் அடியிலும் ஒரு பிரதி இருந்தது: தலைமை அலுவலகம். தன் கடிதம் ஒன்றும் பலிக்கவில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த மனுஷன், தன்மேல் பலித்த ஒரு கடிதத்தை முப்பது வருஷம் மறந்துபோயிருந்தார்.

"இண்டைக்குச் செவ்வாய்" என்றார் நவரத்தினம். "வெள்ளிக்கிழமையோடை அங்கை அரசாங்கக் கந்தோர் எல்லாம் பூட்டு. எங்களைப் போலை அவைக்கும் சித்திரையிலைதான் வருஷப்பிறப்பு. மூண்டு நாள்தான் கிடக்கு."

"வாபஸ் வாங்கிடுங்க சார். 'தெரியாம எழுதிட்டேன்'னு ஒரு வரி போடுங்க."

நவரத்தினம் தலையாட்டினார், இல்லை என்று. பந்தடியைப் பற்றி அவருக்குத் தெரியுமோ இல்லையோ, கந்தோரைப் பற்றித் தெரியும். விளக்கம் கேட்ட கந்தோருக்கு 'ஒன்றும் நடக்கவில்லை' என்ற பதிலைக் கொடுக்க முடியாது. கோப்பு மூட ஒரு நடவடிக்கை வேண்டும். தனவத் வேண்டாம் என்றால் அவன் இருந்த இடத்தில் வைக்க வேறொன்று வேண்டும்.

கொப்பியைத் திறந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக, தான் எழுதியதைத் தானே வாசித்தார்.

வாசிப்பது அப்படியொன்றும் இலகுவாக இல்லை. காரணம் என்ற நிரல் முழுக்க அவருடைய கோபம்தான் இருந்தது. 'காப்பாளர் பிழை.' 'மீண்டும் காப்பாளர் பிழை.' ஒரு இடத்தில் வெறுமனே 'ஐயோ'. அதைக் கையால் மறைத்துக்கொண்டு மற்ற நிரல்களைப் பார்த்தார். தைமாதத்துக்குப் பிறகு சொந்த மைதானத்தில் வாங்கியது பதினொன்று. அதில் ஒன்பது, மோட்டார்சைக்கிள் கடைப் பக்கமான கடை முனை வலையில். எதிரே, கோவில் இருக்கிற முனையில் இரண்டே இரண்டு. பக்கங்களை முன்னுக்குத் தள்ளினார். தைமாதத்துக்கு முன் இரண்டு முனையும் ஏறக்குறைய சமம்.

எதிரணிக் காப்பாளர்கள்? அவர்களும் அதே கடை முனையில்தான் வாங்கிக் கட்டியிருந்தார்கள், ஏழு கோல். அந்த ஏழுக்கும் நேரே சிவப்பு மையில் 'எமது முன்வரிசையின் அபாரத் திறமை' என்று அவருடைய அழகான கையெழுத்து.

"கிருஷ்ணமூர்த்தி" என்றார். "இந்த முனையிலை என்னவோ இருக்குது."

டப்லெட்டில் பழைய ஆட்டங்களைப் போட்டு இருவரும் மூக்கு முட்டப் பார்த்தார்கள். கிருஷ்ணமூர்த்திக்கு இரண்டு நிமிஷம் எடுக்கவில்லை.

"பாருங்க. மத்த மூணு கம்பத்துலயும் பன்னெண்டு பன்னெண்டு லைட் எரியுது. கோவில் பக்கம் இடது மூலையில இருக்குற கம்பத்துல எண்ணுங்க."

நவரத்தினம் விரல் வைத்து எண்ணினார். நாலு.

"கடைப் பக்கம் நிக்கிறவனுக்கு நேரெதிரே அது. உயரமா வர்ற பந்து இருட்டுக்குள்ள போய்ட்டு திடீர்னு மூஞ்சிக்கு முன்னால வரும். ஆண்டவனே நின்னாலும் பிடிக்க முடியாது. மூணு மாசமா நாம இதைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கோம் சார். நான் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர்."

"நீங்கள் குழம்பைப் பாத்தியள்" என்றாள் பாலாம்பிகை.

இப்போது கையில் நடவடிக்கை இருந்தது: பழுதான விளக்கு. ஆனால் பேனையை எடுத்த கை, சீலுக்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. சீல் குத்தினால் மறுபடியும் பொய். இல்லாத பணிமனை ஒன்று இன்னொரு அறிக்கை விடுகிறது. சீல் இல்லாமல் அனுப்பினால் அது மிச்சத்திலிருக்கிற ஒரு பென்ஷன்காரனின் குசினிப் புலம்பல்; ஆளுநர் கந்தோரில் யார் சட்டை செய்யப்போகிறார்கள்?

"குத்துங்க சார்" என்றார் கிருஷ்ணமூர்த்தி. "ஒரு வேலையைப் பறிச்ச சீல், அதே வேலையைக் குடுக்கட்டுமே."

"முதல் அந்தப் பிள்ளையோடை கதைச்சு உண்மையைச் சொல்லுங்கோ" என்றாள் பாலாம்பிகை. "பிறகு குத்திறதைக் குத்துங்கோ."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, நவரத்தினம் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு தொலைபேசி எடுத்தார். சொல்லவேண்டியதைத் தாளில் பந்தி பந்தியாக எழுதி வைத்திருந்தார். நிச்சாவின் குரல் நினைத்ததைவிட இளமையாக இருந்தது. பின்னால் விசில் சத்தமும் பந்து உதைபடும் சத்தமும் கேட்டன.

"அம்மா, பந்தி ஒன்று" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். "எனக்குப் பணிமனை இல்லை. நான் ஓய்வுபெற்ற ஒரு ஆள். குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். சீல் நானாகச் செய்வித்தது. உங்களை ஏமாற்றியதற்கு..."

"ஐயா, தெரியும்" என்றாள் நிச்சா.

"என்ன தெரியும்?"

"உங்கள் பணிமனையை வரைபடத்தில் தேடிப் பார்த்தோம். வீட்டின் படம் வந்தது. வாசலில் குப்பைவாளி விழுந்து கிடந்தது. மேல்சன்னலில் பூப்போட்ட போர்வை ஒன்று காயப்போட்டிருந்தது. எங்கள் தலைவர் அந்தப் படத்தைக் கழக மண்டபத்தில் மாட்டி வைத்திருக்கிறார், 'எங்கள் லண்டன் பணிமனை' என்று. எல்லோருக்கும் அது பிடிக்கும்."

நவரத்தினம் தாளைப் பார்த்தார். பந்தி இரண்டையும் மூன்றையும் பேனையால் வெட்டினார்.

"ஆனால் ஆளுநர் பணிமனைக்கு அது தெரியாது" என்று அவள் தொடர்ந்தாள். "அவர்களுக்கு உங்கள் கடிதம் லண்டனிலிருந்து வந்த முறைப்பாடு. நாங்கள் தனவத்தை விட விரும்பவில்லை. வேறு என்ன எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை."

நவரத்தினம் விளக்குக் கம்பத்தைப் பற்றிச் சொன்னார். ஒன்பது கோல், ஏழு கோல், நாலு விளக்கு. உடனே அவள் தாய்லாந்து மொழியில் யாருக்கோ கத்தினாள். யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்த குரல் ஏதோ சொன்னது.

"தைமாதத்துப் புயலில் போனது, ஐயா. திருத்தச் சொல்லி நகரசபைக்கு நாங்களும் எழுதினோம். பதில் இல்லை."

"பிரதி போட்டீர்களா?"

"இல்லையே."

முப்பத்துநாலு வருஷத்தில் அவர் சிரிக்காத ஒரு சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டார்.

"இன்றைக்கே எழுதி அனுப்புங்கள், ஐயா. படமெடுத்து அனுப்பினால் போதும், இங்கே அச்செடுத்துக் கையால் கொண்டுபோய்க் கொடுப்போம். சீலை மறக்கவேண்டாம். தெளிவாக விழவேண்டும். முடிந்தால் இரண்டு இடத்தில்."

"தனவத்திடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள்."

"அதை நீங்கள்தான் எழுதவேண்டும்" என்றாள் நிச்சா. "அவர் உங்கள் கடிதத்தை மட்டும்தான் ஒட்டி வைப்பார்."

விளக்குக் கடிதம் நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. மேற்படி கோல்கள் காப்பாளரின் கவனயீனத்தால் அல்ல, வடமேற்குக் கம்பத்தின் எட்டு விளக்குகள் பழுதானமையால் விழுந்தன என்றும், இப்பணிமனை தன் முன்னைய அவதானத்தை இத்தால் திருத்திக்கொள்கிறது என்றும், விளக்குகள் திருத்தப்படுவதையே உரிய நடவடிக்கையாகக் கொள்ளும் என்றும் ஆறு பந்தி. பிரதி ஆளுநருக்கும் நகரசபைக்கும். சீலை மேலே ஒன்று, கீழே ஒன்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினார். கிருஷ்ணமூர்த்தி தன் போனில் படமெடுத்து அனுப்பினார்.

தனவத்துக்கான கடிதம்தான் நகரவில்லை. இலக்கம் போடுவதா விடுவதா என்பதிலேயே ஒரு மணித்தியாலம் போனது. 'ஐயா' என்று தொடங்கினார், வெட்டினார். 'மேற்படி விடயம் தொடர்பாக' என்று தொடங்கினார், தாளையே கசக்கினார். கடிதத்தில் கைதேர்ந்தவர் என்று பேரெடுத்த மனுஷனுக்கு, ஒரு ஆளுக்கு ஒரு ஆள் எழுதுகிற கடிதம் எப்படி இருக்கும் என்று தெரியாமல் போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு தாள் கூடைக்குள் விழுந்தபிறகு பாலாம்பிகை எட்டிப் பார்த்தாள்.

"சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டு நிப்பாட்டுங்கோவன்."

நிப்பாட்டினார். இவ்வளவுதான் வந்தது:

'தம்பி தனவத்துக்கு, பிழை விட்டது நீர் அல்ல, நான். உமக்கு வெளிச்சம் இல்லாமல் இருந்தது. எனக்கு வெளிச்சம் இருந்தும் தெரியவில்லை. அலுமாரிக் கதவில் இருக்கிற தாளைக் கழற்றிவிடும். உமது மைதானத்துக்காரர் ஒருவர் முன்னொருநாள் எங்களுக்குச் சோறு தந்தவர். அந்த ஊரில் ஒருவருடைய சோற்றில் நான் கை வைக்கக்கூடாது. நவரத்தினம்.'

இலக்கம் இல்லை, சீல் இல்லை, பிரதி யாருக்கும் இல்லை. ஆங்கிலத்தில் திருப்பி எழுதும்போது இன்னும் சின்னதாகப் போனது. தபாலில் போட்டுவிட்டு வந்தவருக்கு, உடுப்பில்லாமல் வீதியில் போய்வந்த மாதிரி இருந்தது.

வியாழனும் போனது. வெள்ளி காலை பத்து மணிவரை நவரத்தினம் மேசையை விட்டு எழும்பவில்லை. தேத்தண்ணி மூன்றுதரம் ஆறியது. பத்தேகாலுக்குக் கிருஷ்ணமூர்த்தி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். நிச்சா எழுதியிருந்தாள். ஆளுநர் பணிமனை அறிக்கையை ஏற்றுக்கொண்டது. விளக்குகளை இரண்டு கிழமைக்குள் திருத்தும்படி நகரசபைக்கு உத்தரவு. கோப்பு மூடப்பட்டது. கோப்பு மூடிய கையோடு கழகம் தனவத்துக்கு இன்னும் ஒரு வருஷம் எழுதிக் கொடுத்துவிட்டது, யாராவது மறுபடி திறப்பதற்கு முன்.

நவரத்தினம் மேசையை விட்டு எழும்பினார். பின்வளவுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

பருவத்தின் கடைசி ஆட்டம் ஏப்ரல் இருபத்தாறு. மூன்று பேரும் டப்லெட்டைத் தண்ணீர்ச் செம்பில் சாத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாலு கம்பத்திலும் பன்னிரண்டு பன்னிரண்டு விளக்கு. கிருஷ்ணமூர்த்தி எண்ணி உறுதிசெய்தார். மைதானம் கல்யாணவீடு மாதிரிப் பளிச்சென்று இருந்தது. தனவத் கோவில் முனையில், எதிரே ஒரு நாளும் விளக்குப் போகாத கம்பங்களைப் பார்த்தபடி நின்றான்.

எட்டாவது நிமிஷம் எதிரணிக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து ஒரு பந்தை உருட்டிவிட்டான். உதைத்தான் என்று சொன்னால் உதைக்கு அவமானம். பந்து புல்லில் அசைந்து அசைந்து வந்தது. தனவத் இரண்டு கையையும் விரித்துக் குனிந்தான். பந்து அவனுடைய இரண்டு காலுக்கும் நடுவால், அனுமதி கேட்டுக்கொண்டு போகிற மாதிரி, உள்ளே போனது.

டப்லெட்டில் வர்ணனையாளர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"லைட் எல்லாம் நல்லாத்தானே எரியுது சார்?" என்று கிருஷ்ணமூர்த்தி தொடங்கினார்.

"காத்து" என்றார் நவரத்தினம்.

"காத்தா? அந்தக் கோணர் கொடியைப் பாருங்க. நனைஞ்ச பனியன் மாதிரித் தொங்குது."

"அது கீழ்க்காத்து. பந்து போனது மேல்காத்திலை."

"பந்து தரையிலல்லோ உருண்டது?" என்றாள் பாலாம்பிகை.

நவரத்தினம் அவளைப் பார்த்தார், கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்தார், தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"நீங்கள் ரெண்டு பேரும் அந்த ஊரிலை இருந்தனீங்களோ? அங்கை சித்திரை மாசத்திலை காத்து அப்பிடித்தான். குழம்பை ஊத்து."